கப்பல் சுற்றுலா முடிந்த அன்றே விமானம் ஏறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பல் பயணத்தில் எங்கள் உறவுக்குள் ஐந்தாறு குடும்பங்கள் போய்வந்துவிட்டன. எல்லோருக்கும் கேபின் பார்த்துக் கொடுத்தவன், திட்டு வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: கப்பலைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆராய்பவர்கள், திரும்பும் விமானத்தைப் பத்து நிமிடத்தில் பதிந்துவிடுகிறார்கள். சிக்கல் வருவது அங்கேதான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கப்பல் காலை 7 மணிக்கு வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. 10 மணி விமானத்துக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம்.

7 மணி என்பது கப்பல் கரையை அணைக்கும் நேரம். நீங்கள் கரையில் கால் வைக்கும் நேரம் அதுவல்ல. கயிறு கட்ட வேண்டும், பாலம் பொருத்த வேண்டும், அந்த ஊர் அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி தர வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் போய்விடும். அதன் பிறகும் மூவாயிரம், நாலாயிரம் பேர் ஒரே வாசலில் மொய்க்க விடமாட்டார்கள். உங்கள் பெட்டியில் கட்டியிருக்கும் சீட்டின் நிறத்தையோ எண்ணையோ ஒலிபெருக்கியில் அழைக்கும்போதுதான் இறங்க முடியும். அதுவரை கேபினிலும் இருக்க விடமாட்டார்கள். அன்று மாலையே அடுத்த கூட்டம் ஏறுகிறது, அறையைச் சுத்தம் செய்ய ஆள் நிற்பார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உணவுக்கூடத்திலோ படிக்கட்டிலோ உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இறங்கிய பிறகு இமிக்ரேஷன் வரிசை. அதைத் தாண்டினால் பெட்டிக் கூடம், அப்புறம் சுங்கம், கடைசியாக வாடகைக் கார் வரிசை. 10 மணி விமானத்துக்கான செக்-இன் கவுன்ட்டர் 9 மணிக்கு மூடப்படும் நேரத்தில் நீங்கள் பெரும்பாலும் கப்பலுக்குள்ளேயே இருப்பீர்கள்.

அப்படியானால் எத்தனை மணிக்குப் புறப்படும் விமானம் சரி?

விமான நேரத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். கப்பலிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 7 மணிக்குக் கரை. உங்கள் எண்ணை அழைப்பது 9 மணி சுமார் என்று வையுங்கள். இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து தெருவுக்கு வர 10 மணி. மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், காரில் அரை மணி நேரம். ஆக 10.30, வண்டி கிடைக்கத் தாமதமானால் 11. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். கூட்டினால் பிற்பகல் 2 மணி வருகிறது. நான் சொல்லும் நேரம் அதுதான். 1 மணி என்றால் ஓடிப்பிடிக்கலாம். அதற்கும் முன்னால் என்றால் என்னிடம் கேட்காதீர்கள்.

இரண்டு விஷயம் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடும். முதலாவது, எல்லாக் கப்பலும் விடியற்காலையில் வருவதில்லை. சில நண்பகலுக்கு மேல்தான் திரும்புகின்றன. உங்கள் பயணத்திட்டத்தின் கடைசி வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். இரண்டாவது, மரினா பே முனையத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் நிற்கலாம். அன்று இரண்டும் சேர்ந்து ஆட்களை இறக்கினால் வாடகைக் கார் வரிசை கோவில் திருவிழா மாதிரி இருக்கும். ஆறு பேர், எட்டுப் பெட்டி என்று போகிறவர்களுக்கு நாலு பேர் உட்காரும் டாக்சி உதவாது. பெரிய வண்டியான மேக்ஸி கேபை முன்னதாகவே பதிந்துவிடுங்கள். பக்கத்திலேயே மரினா சவுத் பியர் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் சாங்கி போக ராஃபிள்ஸ் பிளேஸிலும் தானா மேராவிலும் ரயில் மாற வேண்டும். தோள்பையோடு போகும் இளைஞருக்குச் சரி. அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவருக்கு ஆகாது.

பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு இறங்கினால் முதலில் விடுவார்களாமே?

ஆமாம். பெரும்பாலான கப்பல்களில் இந்த வசதி உண்டு. முந்தைய இரவு பெட்டியைக் கப்பல்காரர்களிடம் கொடுக்காமல், காலையில் எல்லாவற்றையும் தாங்களே உருட்டிக்கொண்டு போகிறவர்களை முதல் ஆளாக இறக்குவார்கள். ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் மிச்சமாகும்.

ஆனால் அன்று காலை லிஃப்டுகள் நிரம்பி வழியும். பன்னிரண்டாவது மாடியில் கேபின் இருந்தால் பெட்டியோடு ஏழு மாடி படியிறங்கத் தயாராக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பெட்டி, அதையும் அவரே தூக்க முடியும் என்றால் மட்டும் இந்த வழி. கைக்குழந்தை, முழங்கால் வலி, ஊருக்கு வாங்கிய பத்துக் கிலோ சாக்லெட் எல்லாம் உள்ள குடும்பம் மற்றவர்களோடு வரிசையில் வருவதே நல்லது.

முந்தைய இரவே பெட்டியை வெளியே வைக்க வேண்டும் என்கிறார்கள். எதைக் கையில் வைத்துக்கொள்வது?

கடைசி இரவு 10, 11 மணிக்குள் பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். அடுத்து அதைப் பார்ப்பது கரையில், நூற்றுக்கணக்கான கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில்தான்.

எங்கள் பெரியப்பா ஓர் ஒழுங்குக்காரர். எதையும் மிச்சம் வைக்காமல் மடித்து, அடுக்கி, ஒன்பதரை மணிக்கே பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கைலியோடு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் எழுந்து பார்த்தால் கால்சட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெட்டிக்குள், பெட்டி கப்பலின் அடித்தளத்தில். கைலியும் முழுக்கைச் சட்டையுமாக இமிக்ரேஷன் வரிசையில் நின்றார். அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெரியம்மாவுக்குத்தான் இன்றுவரை தீரவில்லை.

கால்சட்டை போனால் சிரித்துவிடலாம். அதே பெட்டிக்குள் அவருடைய இரத்த அழுத்த மாத்திரையும் போயிருந்தது. ஆகவே பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, செல்போன் சார்ஜர், விமான டிக்கெட்டின் அச்சுப்பிரதி, காலையில் உடுத்தும் உடை, செருப்பு உட்பட எல்லாவற்றையும் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். பெட்டியின் கைப்பிடியில் மஞ்சள் துணியோ சிவப்பு ரிப்பனோ கட்டுங்கள். எல்லோரும் சிவப்பு ரிப்பன் கட்டுகிறார்கள், மஞ்சள் துணியே மேல்.

கப்பலில் ஆன செலவுக்கணக்கையும் இரவே பார்த்துவிடுங்கள். குடிக்காத ஜூஸுக்குப் பில் வந்திருந்தால் காலையில் அந்தக் கவுன்ட்டரில் நின்று வாதாட நேரம் இருக்காது.

எங்கள் கப்பல் ரோமில் முடிகிறது. ரோம் விமான நிலையத்துக்கு அரை மணி போதாதா?

உங்கள் கப்பல் ரோமில் முடியாது. ரோமில் கடல் துறைமுகம் இல்லை. சிவிட்டாவெக்கியா என்ற ஊரில் இறங்குவீர்கள். அங்கிருந்து ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

கப்பல் விளம்பரங்களில் ஊர்ப் பெயர் ஒன்று, துறைமுகம் வேறொன்று. லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். ஹீத்ரோவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர், ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பாங்காக் என்றால் பல கப்பல்கள் லெம் சபாங்கில் நிற்கும். ஊருக்குள் போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். டோக்கியோ என்றால் யோகோஹாமாவாக இருக்கலாம்; அங்கிருந்து ஹனேடா விமான நிலையம் பக்கம், நரிட்டா விமான நிலையம் தூரம்.

இவற்றில் மோசமானது வெனிஸ். 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தின் முன்னாலும் ஜியுடெக்கா கால்வாயிலும் போவதற்கு இத்தாலி 2021 ஆகஸ்டில் தடை விதித்தது. அதன் பிறகு வெனிஸ் என்று விற்கப்படும் பயணங்கள் பல ராவென்னாவிலோ டிரியெஸ்டேயிலோ முடிகின்றன. ராவென்னாவில் இறங்கி வெனிஸ் விமான நிலையம் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார வேண்டும். இப்படிப்பட்ட துறைமுகமானால் மாலை விமானம்தான். மறுநாள் காலை என்றால் இன்னும் உத்தமம்.

பார்சிலோனா அதற்கு நேர்மாறு. துறைமுகமும் விமான நிலையமும் அருகருகே, காரில் அரை மணிக்குள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஃபுளோரிடாவிலிருந்து கரீபியன் கப்பலில் போகிறோம். அங்கே என்ன கணக்கு?

துறைமுகத்தைப் பொறுத்தது. ஃபோர்ட் லாடர்டேலின் போர்ட் எவர்கிளேட்ஸுக்கு விமான நிலையம் பக்கத்து வீடு மாதிரி, மூன்று நான்கு கிலோமீட்டர்தான். மயாமியில் பதின்மூன்று கிலோமீட்டர் சுமார். போர்ட் கனாவெரலில் இறங்கினால் ஆர்லாண்டோ விமான நிலையத்துக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். டெக்சாஸில் கால்வெஸ்டனில் இறங்கினால் ஹூஸ்டனின் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். ஹாபி அறுபத்தைந்து கிலோமீட்டர் சுமார், மற்றது ஹூஸ்டனைத் தாண்டி வடக்கே, நூறுக்கும் மேல்.

லாடர்டேலுக்கு நண்பகல், மயாமிக்கு 12.30, கனாவெரலுக்கு 1.30, அதற்குப் பிந்திய உள்நாட்டு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோர் கூட இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மகன் அமெரிக்கக் குடிமகனாக இருந்து முகத்தைக் காட்டியதும் வெளியே போய்விடலாம்; அம்மாவை நிறுத்திப் பாஸ்போர்ட்டைப் புரட்டுவார்கள். கடைசியாக வெளியே வருகிறவர் எப்போது வருகிறாரோ அதுதான் குடும்பத்தின் நேரம்.

சென்னை போகிறவருக்கும் மதுரை போகிறவருக்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு. ஒன்று போனாலும் காசு கொடுத்தால் அன்றோ மறுநாளோ இன்னொன்று கிடைக்கும். திருச்சிக்கும் ஓரளவு அப்படியே. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நேரடி விமானங்கள் குறைவு. தவறவிட்டால் சென்னையோ பெங்களூரோ சுற்றித்தான் வீடு சேர வேண்டும். ஆகவே மதுரைக்காரர்கள் கணக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் தாராளமாக விடுவது நல்லது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். சென்னையில் இறங்கி அதே இரவு எழும்பூரில் ரயில் ஏறுவதாகத் திட்டம் இருக்கும். பறக்கும் நேரம் நாலு மணி, நமக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி வித்தியாசம். 2 மணி விமானம் சென்னை நேரம் 3.30 வாக்கில் இறங்கும். பெட்டி எடுத்து வெளியே வர 5 மணி. இரவு ரயிலுக்குச் சரியாக இருக்கும். 5 மணி விமானமானால் அந்த ரயிலை நம்பாதீர்கள்.

கப்பல் தாமதமாக வருவதும் உண்டா? அப்போது விமானக் கட்டணம் யார் தருவார்கள்?

அபூர்வம், ஆனால் உண்டு. கால்வெஸ்டன், டாம்பா போன்ற ஊர்களில் குளிர்காலத்து மூடுபனியில் கால்வாயையே மூடிவிடுவார்கள். கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் முடிய புயல் பருவம். பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிய நிகழ்வுகளும் உண்டு.

விமான டிக்கெட்டைக் கப்பல் நிறுவனம் மூலமாகவே எடுத்திருந்தால், மாற்று விமானத்துக்கு ஏற்பாடு செய்ய அவர்கள் உதவுவது வழக்கம். என்ன உறுதி தருகிறார்கள் என்பதைப் பதியும்போதே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே தனியாக எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள். விமான நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். கப்பல் நிறுவனம் தன் நிபந்தனைகளைக் காட்டும்.

மிஞ்சுவது பயணக் காப்பீடு. கப்பல் தாமதத்தால் விமானம் தவறினால் தருமா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் தரும் என்ற வரியைப் பாலிசியில் தேடுங்கள். தாமதம் நடந்தால் இறங்கும் முன்பே கப்பலின் வரவேற்பு மேசையில், இத்தனை மணிக்கு வர வேண்டிய கப்பல் இத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால் பதில் வர மாதம் ஆகும்.

விமானம் தவறிவிடும் என்று தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

விமானம் புறப்படுவதற்கு முன்பே விமான நிறுவனத்தை அழையுங்கள். புறப்படும் முன் தேதியை மாற்றுவதற்கு ஒரு கட்டணம் இருக்கலாம். புறப்பட்ட பிறகு டிக்கெட்டே செல்லாமல் போகலாம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்று என்று தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் காப்பாற்ற வேண்டும். ஒரே டிக்கெட்டானால் முதல் விமானத்தைத் தவறவிட்டதுமே அடுத்ததும் தானாக ரத்தாகிவிடும்.

நடுக்கடலில் செல்போனைத் திறந்துவிட்டுப் பேசாதீர்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்புக்கு ரோமிங் கட்டணம் மிகப் பெரிது. கப்பல் வைஃபையில் வாட்ஸ்அப் மூலம் ஊரில் இருக்கும் யாரையாவது பிடித்து, அவர்கள் வழியாக மாற்றச் சொல்லுங்கள். கரை நெருங்கியதும் உள்ளூர் சிக்னல் வந்துவிடும்.

திரும்பி இறங்க மறுபடியும் விசா வேண்டுமா?

கப்பல் கிளம்பியதும் நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியவர். திரும்ப இறங்குவது புதிய நுழைவு. ஒரு முறை மட்டும் நுழையும் விசாவில் போயிருந்தால் விமானம் பற்றிய கேள்விக்கே இடமில்லை. பார்சிலோனாவில் ஏறித் துருக்கியோ இங்கிலாந்தோ தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டியது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில், பலமுறை நுழையும் வகைதான் வேண்டும்.

சிங்கப்பூரில் இறங்க எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணைய வருகைப் படிவத்தை மறுபடியும் நிரப்ப வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் அதை நிரப்ப முடியும். அந்த மூன்று நாளும் நீங்கள் கப்பல் பயணத்தில் இருப்பீர்கள். கடைசித் துறைமுகத்தில் கரை இறங்கும்போது இணையம் கிடைத்தால் அங்கேயே முடித்துவிடுங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல.

அப்பாவுக்குச் சக்கர நாற்காலி. முதலில் இறக்கிவிடுவார்களா?

தனி வரிசை இருக்கும், ஆனால் முதல் வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். தள்ளிக்கொண்டு போகும் ஊழியர்கள் சிலர், காத்திருக்கும் பெரியவர்கள் பலர். ஒருவரைக் கரையில் விட்டுவிட்டு அந்த ஊழியர் திரும்பி வர வேண்டும். முந்தைய நாளே பெயர் கொடுத்து, எங்கே எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். குறைந்தது 45 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கப்பலில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோகலாமா?

விமானப் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். கப்பல் கடையில் வாங்கியதைக் கடைசி மாலைதான் கையில் தருவார்கள். உடனே சட்டைக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். இந்தியச் சுங்கம் ஒருவருக்கு 2 லிட்டர்வரை விடும். ஆனால் சிங்கப்பூர் வழியாக வருகிறீர்கள். அங்கே மலேசியாவிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு மதுவில் தீர்வை விலக்கு கிடையாது, சிகரெட்டுக்கு யாருக்குமே கிடையாது. இருப்பதைச் சொல்லிவிட்டுத் தீர்வை கட்டுங்கள்.

கடைசித் துறைமுகத்தில் ஸ்கூபா டைவிங் செய்யலாமா?

மறுநாள் காலை விமானம் என்றால் யோசியுங்கள். ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்தில் பறந்தால் குமிழிகள் உண்டாகி மூட்டு வலியிலிருந்து பக்கவாதம்வரை கொண்டுவிடும். ஒரே ஒரு சாதாரண முழுக்கானால் 12 மணி நேரம், பல முழுக்குகள் போட்டிருந்தால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது முக்குளிப்போர் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச இடைவெளி. முகமூடி போட்டு மேலே மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மும்பையிலிருந்து போகும் கப்பலுக்கும் இதே கணக்கா?

இமிக்ரேஷன் இல்லாத உள்நாட்டுப் பயணமானால் இறங்குவது சற்று வேகம். வேகம் அங்கேயே முடிந்துவிடும். பல்லார்டு பியரிலிருந்து விமான நிலையத்துக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மும்பை நெரிசலில். 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையமும் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட்டில் எந்த விமான நிலையம், பழையதானால் எந்த முனையம் என்று பார்த்துவிட்டுக் காரில் ஏறுங்கள்.

இரவு விமானம்தான் கிடைத்தது. பகல் முழுக்கப் பெட்டியோடு என்ன செய்வது?

சாங்கியில் பொருள் வைப்பகம் இருக்கிறது. சில விமான நிறுவனங்கள் பல மணி நேரம் முன்பே பெட்டியை வாங்கிக்கொள்கின்றன. கையை வீசிக்கொண்டு ஜுவல் கட்டடத்துக்குப் போய், 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவியின் எதிரே உட்காரலாம். நான்கு நாள் கப்பல் சாப்பாட்டில் நாக்குச் செத்தவர்கள் சிராங்கூன் சாலைக்குப் போய் வாழையிலையில் சோறும் ரசமும் சாப்பிடுவார்கள். நான் இரண்டாவது கட்சி.

ஒரு நாள் தங்கிப் போவது வீண்செலவுதானே?

குடும்பத்தின் அளவைப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஓட்டல் அறையும் சாப்பாடும் வீண்செலவாகத் தோன்றலாம். விமானம் தவறினால் கடைசி நேரத்தில் இரண்டு டிக்கெட்தான். ஆறு பேர் போயிருந்தால் கடைசி நேரத்து ஆறு டிக்கெட்டின் விலையை இப்போதே ஒரு முறை தளத்தில் தட்டிப் பாருங்கள், நாளைய தேதியைப் போட்டு. அந்தத் தொகையைப் பார்த்த பிறகு எங்கள் பெரியம்மா சொன்ன பதில்: "ரெண்டு ரூமா எடு. உங்க பெரியப்பா குறட்டை விடுவார்."